வாசிக்கத் தெரியாதவர் செய்த கிட்டார்

நம்ம கல்ச்சுரல்ஸ் மேடையில எந்த பேண்ட் ஏறினாலும் ஏதாவது ஒரு கிட்டாரோட தலையில ஃபெண்டர்னு எழுதியிருக்கும். ஒரிஜினலா காப்பியாங்கறது வேற விஷயம். அது ஒரு மனுஷனோட பேரு. லியோ ஃபெண்டர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது, ட்யூன் பண்ணவும் வராது. இன்ஜினியரிங் டிகிரியும் கிடையாது, படிச்சது அக்கவுண்டிங். அப்படிப்பட்டவர் எப்படி உலகமே வாசிக்கிற கிட்டாரைச் செஞ்சார்? இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

லியோ பிறந்தது 1909 ஆகஸ்ட் 10, கலிஃபோர்னியாவுல, ஃபுல்லர்டன் ஊர்ப் பக்கம். வீட்டுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. எட்டு வயசுல ஒரு கட்டி வந்து இடது கண்ணை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்ச நாள் கத்துக்கிட்டார், ரெண்டுமே நிலைக்கல. மனசு ரேடியோவுல இருந்தது. காலேஜ் முடிச்சு கணக்கு எழுதுற வேலைக்குப் போனாலும், ஓய்வு நேரமெல்லாம் ரேடியோ பிரிச்சு மாட்டுறதுலயே போனது. கடைசியா பார்த்த வேலையும் போன பிறகு, 1938ல 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன்ல ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

அந்தக் கடைக்கு ரேடியோவோட சேர்ந்து ஆம்ப்ளிஃபையர், மைக் செட், மின்சார கிட்டார் எல்லாம் ரிப்பேருக்கு வர ஆரம்பிச்சது. ஒரு பொருள் எங்கே உடையும், எது அடிக்கடி புகையும்னு செஞ்ச கம்பெனியை விட ரிப்பேர் பண்றவருக்குத்தான் நல்லாத் தெரியும். லியோ படிச்ச இன்ஜினியரிங் இதுதான்.

இங்கே பிக்கப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். கிட்டார் கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பியில ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறும், காயில்ல வோல்டேஜ் வரும். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்ல படிச்ச ஃபாரடே விதிதான். சுற்று கூடினா சத்தம் கூடும், ஆனா காயிலோட இண்டக்டன்ஸும் கூடி கூர்மையான மேல் ஒலி மங்கிடும். எங்கே நிறுத்தணும்னு ஃபார்முலா மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது வாசிக்கணும், யாராவது கேக்கணும்.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல டாக் காஃப்மன்ங்கற ஸ்டீல் கிட்டார் கலைஞரோட லியோ சேர்ந்தார். 1943ல ரெண்டு பேரும் ஒரு சின்ன மரக் கிட்டார் செஞ்சாங்க. கழுத்தை விடக் கொஞ்சம்தான் அகலமான கெட்டிக் கட்டை, அதுல ஒரு பிக்கப். கம்பிகள் அந்தக் காயிலுக்கு உள்ளேயே புகுந்து போற மாதிரி அமைப்பு. விக்கறதுக்காகச் செஞ்சது இல்ல, பிக்கப்பை டெஸ்ட் பண்ண ஒரு ஸ்டாண்ட், அவ்வளவுதான். ஆனா அந்தப் பக்கத்து இசைக்கலைஞர்கள் வாசிச்சுப் பார்த்துட்டுத் திருப்பித் தர மனசில்லாம, அதை வாடகைக்குக் கேட்டு வர ஆரம்பிச்சாங்க. பார்க்க லட்சணமே இல்லாத அந்தக் கட்டையை ஏன் கேக்கறாங்கன்னு லியோ கவனிச்சார். ஒவ்வொரு நோட்டும் தெளிவா, ரொம்ப நேரம் நின்னு ஒலிச்சதுதான் காரணம். அந்த பிக்கப்புக்கு 1944ல பேட்டன்ட் விண்ணப்பிச்சு 1948ல வாங்கினார்.

அதுக்குப் பிறகு அவர் வேலை செஞ்ச முறை ஏறக்குறைய இதேதான். ஒண்ணு செய்யறது, வாசிக்கறவங்க கையில கொடுக்கறது, குறை கேக்கறது, கடைக்கு வந்து மாத்தறது. 1950ல வந்த கெட்டிக் கட்டை கிட்டார் பேர் மாறி 1951ல டெலிகாஸ்டர் ஆச்சு. அதோட கழுத்து ஸ்க்ரூ போட்டு மாட்டினது, கெட்டுப் போனா கழட்டி வேற மாட்டலாம். அதே வருஷம் பிரிசிஷன் பேஸ். 1954ல ஸ்ட்ராட்டோகாஸ்டர், மூணு பிக்கப்போட. ஒவ்வொரு காயில்லயும் சுமார் 8000 சுற்று. மெஷின் சுத்தும், கம்பியைக் கையால வழிநடத்துவாங்க. ஃபேக்டரியில இந்த வேலையைப் பெண்கள் பலர் செஞ்சாங்க. அவங்க கைவாகுக்குத் தகுந்த மாதிரி காயிலுக்குக் காயில் கொஞ்சம் வித்தியாசம் வரும். இன்னிக்கும் அந்தப் பழைய பிக்கப்பைத் தேடி வாங்கறவங்க உண்டு.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்ல ஆறு காந்தமும் ஒரே உயரத்துல இருக்காது. எல்லாக் கம்பியும் ஒரே அளவு சத்தம் தராதே! அந்தக் காலத்துல மூணாவது கம்பி, மேல இன்னொரு கம்பி சுத்தின வகை. அதோட சத்தம் குறைவுன்னு அந்தக் காந்தத்தைத் தூக்கி வெச்சாங்க. 1957ல பிரிசிஷன் பேஸ் பிக்கப்பை ரெண்டு பாதியாப் பிரிச்சார். ஒரு பாதியில காந்தமும் சுற்றும் மத்ததுக்கு எதிர்த் திசை. கரண்ட் லைன்ல இருந்து வர்ற ஹம் ரெண்டுலயும் எதிரெதிரா வந்து அடிபட்டுப் போகும், கம்பியோட சிக்னல் அப்படியே நிக்கும்.

டிக் டேல்ங்கற இளைஞர் வாசிச்சா லியோவோட ஆம்ப்ளிஃபையர்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணா கருகிப் போகும். லியோ அவரைத் திட்டலை. அவர் கூட்டத்துக்கு நடுவுல வாசிக்கற இடத்துக்கே போய்ப் பார்த்து, இன்னும் வலுவான ஆம்ப்ளிஃபையரைச் செஞ்சார்.

1950களின் நடுவுல பிடிச்ச ஒரு சைனஸ் தொற்று அவரை வருஷக்கணக்கா விடல. இனி ரொம்ப நாள் இல்லைன்னு நம்பி, 1965 ஜனவரியில கம்பெனியை சிபிஎஸ்ஸுக்குச் சுமார் 13 மில்லியன் டாலருக்கு வித்துட்டார். அதுக்குப் பிறகு வேற டாக்டரைப் பார்த்தார், நோய் குணமாயிடுச்சு. உடம்பு திரும்பி வந்தது, ஆனா கிட்டார்ல அவர் பேர் இப்ப இன்னொருத்தர் சொத்து. நானா இருந்தா அந்தக் காசோட உக்காந்திருப்பேன், இல்லேன்னா வருத்தத்துலயே காலம் தள்ளியிருப்பேன். அவர் மறுபடி பெஞ்சுல உக்காந்தார். போட்டிக்கு வரக்கூடாதுங்கற ஒப்பந்தக் காலம் முடிஞ்ச பிறகு மியூசிக் மேன், அப்புறம் ஜி அண்ட் எல். 70 வயசுக்கு மேல, ஒவ்வொரு கம்பிக்கும் தனியா உயரம் மாத்தக்கூடிய புது பிக்கப் ஒண்ணைச் செஞ்சார். பார்க்கின்சன் நோயோட இருந்தும் வேலைக்குப் போறதை நிறுத்தல. 1991 மார்ச் 21 அன்னிக்கு இறந்தார். முந்தின நாள்கூட வேலைக்குப் போயிருந்தார்.

இப்ப என் காரணம். என் புராஜெக்ட் ஒரு கிட்டார் பிக்கப். டிரில் மெஷின்ல காயில் சுத்தினேன். ரெண்டு தடவை பாதியில கம்பி அறுந்துச்சு. மூணாவது தடவை மல்டிமீட்டர்ல 6 கிலோ ஓம் காட்டினப்போ ரூம்ல குதிச்சேன். ரிவ்யூல ஆஸிலாஸ்கோப்ல வேவ்ஃபார்ம் காட்டினேன், எல்லாரும் தலையாட்டினாங்க, மார்க் வந்தது. கிட்டார்ல மாட்டி வாசிச்சுப் பார்க்கச் சொல்லி யாரும் கேக்கல. எனக்கும் தோணல. எனக்கும் வாசிக்கத் தெரியாது.

லியோவைப் பத்திப் படிச்ச பிறகுதான் பக்கத்து ரூம் பேண்ட் பையன்கிட்ட கொடுத்தேன். பத்து நிமிஷம் வாசிச்சுட்டு, மூணாவது கம்பி மட்டும் கத்துதுடான்னு திருப்பிக் கொடுத்தான். காந்த உயரத்தை நான் 1954 மாடல்ல இருந்து அப்படியே காப்பி அடிச்சிருந்தேன். இன்னிக்கு மூணாவது கம்பி மேல சுத்தில்லாத வெறும் எஃகு, அதுக்குத் தூக்கி வெச்ச காந்தம் தேவையே இல்ல. ஆஸிலாஸ்கோப் முன்னாடி ஒரு மாசம் உக்காந்தும் எனக்குத் தெரியாத தப்பு அது. காந்தத்தைச் சும்மா கீழே தள்ளவும் முடியாது, நேரா அதுமேலேயே சுத்தியிருக்கறதால கம்பி அறுந்துடும்.

அதனால மார்க் வந்த புராஜெக்ட்டைப் பிரிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து சுத்திக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை பையன் பக்கத்துலேயே உக்காந்திருக்கான்.