கத்துற வாண்டுகளை அமைதியாக்கிய 'மௌன விளையாட்டு'... மரியா மாண்டிசோரி கதை தெரியுமா?

உங்க ஊர் ப்ளே ஸ்கூல் போர்டுல 'மாண்டிசோரி'ங்கிற பேரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அது இத்தாலியில பிறந்த ஒரு டாக்டரம்மாவோட பேர். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நம்ம சென்னையிலயும் கொடைக்கானல்லயும் வாழ்ந்தவங்க. வீட்டுக்குள்ள கூப்பாடு போடுற வாண்டுங்ககிட்ட தினமும் திண்டாடுறீங்கன்னா, இவங்க கதை உங்களுக்குத்தான்!

டாக்டர் டு டீச்சர்

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 31. பொண்ணுங்க மருத்துவம் படிக்கிறதே அதிசயமா இருந்த காலத்துல, 1896-ல ரோம்ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 1898-ல மகன் மரியோ பிறந்தார். கல்யாணம் ஆகாத தாய். ஊர் வாய்க்கு பயந்து, குழந்தையை கிராமத்துல வேறொரு குடும்பத்துகிட்ட வளர்க்கக் கொடுக்க வேண்டிய நிலை. மகன் அம்மாகிட்ட வந்து சேரும்போது அவருக்கு சுமார் 15 வயசு. தன் பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்க முடியாத அந்த வருஷங்கள்லதான், ஊரார் பிள்ளைங்களை அவங்க அவ்வளவு கூர்ந்து கவனிச்சாங்க.

1907 ஜனவரி 6-ல, ரோம்ல ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்ஸோ பகுதியில முதல் குழந்தைகள் இல்லம் ஆரம்பமாச்சு. அப்பா, அம்மா வேலைக்குப் போனதும் மாடிப்படியில ஓடி, சுவத்துல கிறுக்கித் திரிஞ்ச 50-க்கும் மேற்பட்ட குழந்தைங்கதான் அங்க மாணவர்கள்.

ஒரு கைக்குழந்தை காட்டிய வழி

ஒருநாள் நாலு மாசக் குழந்தை ஒண்ணை வகுப்புக்குத் தூக்கிட்டு வந்தாங்க மரியா. துணி சுத்தி இருந்த அந்தக் குழந்தை அசையாம, சத்தமில்லாம இருந்துச்சு. இது மாதிரி அமைதியா இருக்க உங்களால முடியாதுன்னு விளையாட்டா சீண்டினாங்க. அவ்வளவுதான்... எல்லாக் குழந்தைகளும் கை, கால் அசைக்காம உட்கார்ந்துட்டாங்க. மூச்சைக்கூட மெதுவா விட்டாங்க. அதுவரை யார் காதுலயும் விழாத கடிகாரச் சத்தம் அப்போ கேட்டுச்சு!

அதுல இருந்து பிறந்ததுதான் மௌன விளையாட்டு. காது சரியா கேட்காத பிள்ளைங்களைச் சோதிக்க கிசுகிசுப்பா பேசிப் பார்த்த பழைய பழக்கத்தை இதோட சேர்த்தாங்க. பக்கத்து அறையில நின்னு ஒவ்வொருத்தர் பேரையும் ரகசியமா கூப்பிடுவாங்க. பேர் கேட்ட குழந்தை சத்தமில்லாம எழுந்து வரணும். பாவம் பிள்ளைங்க, பொறுமையா காத்திருக்கணுமேன்னு மிட்டாய் நீட்டினா, வேணாம்னுட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டதே அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு.

அடையாறுல ஒரு அக்கினிப் பரீட்சை

1939-ல ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயசுல மரியோவோட சென்னைக்கு வந்தாங்க. அடையாறு தியசாபிகல் சொசைட்டியில ஓலைக் கொட்டகைகள்ல சுமார் 300 பேருக்குப் பயிற்சி. மரியா இத்தாலியன்ல பேச, மகன் ஆங்கிலத்துல சொல்லுவார்.

1940 ஜூன்ல இத்தாலி போர்ல குதிச்சதும் அம்மா, மகன் ரெண்டு பேரும் பிரிட்டிஷ் அரசுக்கு 'எதிரி நாட்டவர்' ஆகிட்டாங்க. மரியோவை முகாம்ல அடைச்சாங்க. மரியாவுக்கு அந்த வளாகமே எல்லை. மறுபடியும் மகனைப் பிரிஞ்சு தவிப்பு. அவங்களோட 70-வது பிறந்தநாள் பரிசா மரியோவை விடுதலை பண்ணினாங்க. பிறகு கொடைக்கானல்ல ரெண்டு வருஷம் பள்ளி நடத்தினாங்க. 1952 மே 6-ல நெதர்லாந்துல காலமானாங்க.

நம்ம வீட்டுக்கு எப்படி?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓடுற வீடுகளை யோசிச்சுப் பாருங்க. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கணும்னா பெரியவங்களே கத்தித்தான் பேசணும். கரன்ட் போய் தறி நின்ன பிறகும் கொஞ்ச நேரம் எல்லார் குரலும் இறங்காது. அங்க வளர்ற குழந்தையோட சத்தம் அடங்காத்தனம் இல்லீங்க, பழக்கம். தறி இல்லாத வீட்டுல டி.வி அந்த வேலையைச் செய்யுது.

அதனால...

* தறியோ டி.வி-யோ நின்ன நேரத்துல மௌன விளையாட்டை ஆடுங்க. ரெண்டு, மூணு வயசுன்னா சில விநாடிகளே போதும். என்னென்ன கேட்டுச்சுன்னு கேளுங்க. கோழி, மொபெட், பக்கத்து வீட்டு மிக்ஸின்னு அடுக்குவாங்க.

* ஒரே மாதிரி நாலு டப்பா எடுங்க. ரெண்டுல ஜவ்வரிசி, ரெண்டுல கேழ்வரகு. காதுகிட்ட ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்க. மாண்டிசோரி வகுப்புல இதுக்குன்னே ஒலிப்பெட்டிகள் உண்டு.

* அடுக்களையில இருந்து கத்தாம, பக்கத்துல போய் குனிஞ்சு, பேர் சொல்லி மெதுவா பேசுங்க.

* கத்தினதுக்கு தண்டனையா இதைச் செய்யாதீங்க. குழந்தை நல்ல மூட்ல இருக்கும்போதுதான் இது விளையாட்டு. கத்தித் தீர்க்க வாசலும் தெருவும் இருக்கட்டும்.

* எந்நேரமும் சத்தமா பேசுற, கூப்பிட்டா திரும்பாத குழந்தையைக் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க. சேட்டைன்னு நாம திட்டுற பிள்ளைக்கு, நாம பேசுறதே சரியா கேட்காம இருக்கலாம்.

இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதே ஆரம்பிங்க. அறை வாசல்ல நின்னு, உங்க வீட்டு வாண்டு பேரை ரகசியமா ஒருமுறை சொல்லிப் பாருங்க!