கற்போர்க்கு வழிகாட்டிய ஹார்ன்பி

தாய்மொழியின் தொடரமைப்பைக் குழந்தை கேள்வியாலேயே அறிகிறது. அயல்மொழி கற்போர்க்கோ அவ்வறிவு எளிதில் வாய்ப்பதில்லை. அவர்தம் இடர்ப்பாட்டை உணர்ந்து உதவிய அறிஞருள் ஏ. எஸ். ஹார்ன்பி குறிப்பிடத்தக்கவர்.

அவர் 1898ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள செஸ்டர் நகரில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றார். 1924ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க ஜப்பான் சென்றார். அங்கு மொழி கற்பிக்கும் முறையிலே அவர் உள்ளம் ஈடுபட்டது. டோக்கியோவில் ஹரால்டு பாமர் நடத்திய ஆங்கிலக் கல்வி ஆராய்ச்சியில் பங்குகொண்டார்.

சொல்லுதலைக் குறிக்கும் ‘சே’, ‘டெல்’ என்னும் ஆங்கில வினைகளை நோக்குக. ‘எனக்குச் சொல்’ என்பதை ‘டெல் மீ’ என்பர். ‘சே மீ’ என்பது பிழை. பொருள் ஒத்திருப்பினும் தொடரமைப்பு வேறு. பொருளை மட்டும் கூறும் அகராதி இப்பிழையைத் தடுக்காது. ஆதலின், ஹார்ன்பி வினைகளின் தொடரமைப்பை 25 வகையாகப் பகுத்தார். துணைவர் இருவருடன் கூடி, ஒவ்வொரு வினையும் ஏற்கும் அமைப்பைக் காட்டும் அகராதியை உருவாக்கினார்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். எனினும் அவரது உழைப்பு வீண்போகவில்லை. பகைநாட்டான் தொகுத்த அவ்வகராதி 1942இல் ஜப்பானிலேயே வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட, அஃது உலகெங்கும் பரவியது.

1961இல் அவர் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேற்கல்வி பெற அது துணைநின்றது. 1978இல் அவர் மறைந்தார். நூலால் ஈட்டிய பொருளைக் கற்பிப்போர்க்கே பயன்படச் செய்த அவரது வாழ்வு போற்றத்தக்கது.