ஒற்றைக் கண்ணால் நோயைக் கண்டவர்

டெனிஸ் பேர்கிட் 1911ஆம் ஆண்டு, இன்று வட அயர்லாந்தில் உள்ள எனிஸ்கில்லன் நகரில் பிறந்தார். 11 வயதில், சிறுவர்களுக்கிடையே நடந்த கல்லெறிச் சண்டையில் வலது கண்ணை இழந்தார். ஷெல் துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவன் நான். அதனால் அவரது கதை எனக்கு வெறும் மருத்துவ வரலாறு அல்ல.

சத்திரசிகிச்சை நிபுணராகி ஆபிரிக்காவில் பணியாற்ற விண்ணப்பித்தார். ஒரு கண் இல்லை என்று பிரித்தானிய குடியேற்ற நிர்வாகம் அவரை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்தான் அவரை இராணுவ வைத்தியராகக் கிழக்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனது. போர் முடிந்ததும் 1946இல் உகண்டா சென்றார்.

1957இல் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில், ஒரு சிறுவனைப் பார்க்கும்படி சக வைத்தியர் ஹியூ ட்ரோவெல் அவரை அழைத்தார். சிறுவனின் தாடை மேலும் கீழும் இருபுறமும் வீங்கி, பற்கள் ஆடின. சில வாரங்களில் ஜிஞ்சா நகரில் அதே முகத்தோற்றத்துடன் இன்னொரு பிள்ளையைக் கண்டார். அதற்கு வயிற்றிலும் கட்டிகள். பழைய நோயாளர் குறிப்புகளைப் புரட்டியபோது, தாடையிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் தனித்தனியாகப் பதிவான கட்டிகள் எல்லாம் ஒரே நோய் என்பது அவருக்குத் தெளிவானது. அது நிணநீர்க் கலங்களில் தோன்றும் புற்றுநோய் என்பது பின்னர் உறுதியானது. இன்று அதன் பெயர் பேர்கிட் லிம்போமா.

அன்று சீ.ரி. ஸ்கான் கிடையாது. எக்ஸ்றே படம்தான். நலமான பிள்ளையின் தாடைப் படத்தில் ஒவ்வொரு பல்லின் வேரைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது பற்குழியின் எலும்பு. இந்த நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று, அந்தக் கோடு அழிவது. பிறகு பற்கள் பிடிமானமின்றி மிதப்பதுபோலத் தெரியும். கட்டி ஓரிரு நாட்களில் இருமடங்காகக் கூடியது. வெறும் பல்வலி என்று வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் பிள்ளையை இழந்துவிடுவோம்.

1961இல் இரு வைத்தியர்களுடன் பழைய கார் ஒன்றில் சுமார் 10,000 மைல் பயணம் செய்து, வைத்தியசாலை வைத்தியசாலையாக நோயாளரின் படங்களைக் காட்டி விசாரித்தார். நோய் பரவியிருந்த பகுதி பெரும்பாலும் மலேரியா பகுதியோடு பொருந்தியது. அதே ஆண்டு இலண்டனில் அவரது உரையைக் கேட்ட அந்தனி எப்ஸ்டைன், 1964இல் அந்தக் கட்டியின் கலங்களில் ஒரு வைரஸைத் தன் குழுவினருடன் கண்டறிந்தார்.

உகண்டாவில் அப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை இல்லை. பேர்கிட் மருந்துகளை நம்பினார். கைவிடப்பட்ட பிள்ளைகளில் சிலர் பிழைத்தார்கள். 1993இல் அவர் காலமானார். இன்று உரிய நேரத்தில் முழுமையான சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

பிள்ளையின் தாடையிலோ கழுத்திலோ வயிற்றிலோ வீக்கம் வளர்ந்தால், காரணமின்றிப் பல் ஆடினால், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.