துயரமும் கடனும்: ஆறுமுகநாவலர் சரித்திரத்தால் அறியலாவது

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள கீரிமலையிலே, உவர்க்கடலின் அருகே நன்னீர் ஊற்று ஓயாது சுரக்கின்றது. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திராபூரணையிலும் அங்கே நீராடிப் பிதிர்கடன் செய்வர். அந்தியேட்டி செய்ய வருவோரும் பலர். அங்கே அழுவோரை அழவேண்டாமென்று எவரும் தடுப்பதில்லை. அழுகையோடு கடனும் நடைபெறும். பிரிவுக்கு வருந்துதல் மனிதர்க்கு இயல்பு. அவ்வருத்தம் கடமைக்குத் தடையாகாது. இவ்வுண்மையை ஶ்ரீலஶ்ரீ ஆறுமுகநாவலர் சரித்திரத்திலே தெளியக் காணலாம்.

இவர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் புத்திரராய்ப் பிறந்தார். இவருக்கு ஒன்பது வயதாகும்போது, நாடகமொன்றை இயற்றிக்கொண்டிருந்த தந்தையார் தேகவியோகமாயினார். குறையாய் நின்ற அந்நாடகத்தை இப்பாலகரே பாடி முடித்தாரென்பர் சரித்திரம் எழுதினோர். தந்தையின் எழுத்து நின்ற இடத்திலே தம்மெழுத்தைத் தொடங்கும் பிள்ளையின் கை நடுங்காதிருக்குமோ? துக்கம் முற்றும் ஆறியபின்பே ஏட்டைத் தொடுவேனென்று இருந்திருப்பின் அந்நாடகம் முற்றுப்பெற்றிராது.

பின்னர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவினார். 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். கொள்கை வேறுபட்டவுடனே கற்ற இடத்தின்மேலுள்ள அன்பு அற்றுப்போவதில்லையென்பதை அத்தகைய பாடசாலைகளிற் பயின்ற எம்போல்வார் நன்கறிவர். அப்பிரிவின் நோவையும் பொருளிழப்பையும் ஏற்றே அவர் தம்வழி சென்றார். இல்லறம் புகாது, நூற்பதிப்பும் பிரசங்கமும் கல்வியுமே வாழ்வாகக் கொண்டார். 1864-இற் சிதம்பரத்திலும் வித்தியாசாலை கண்டார். 1877-ஆம் ஆண்டளவிலே பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை வருத்தியபோது, ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் தருமத்தை நடாத்தினார்.

போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்ட கீரிமலைச் சிவாலயம் மீண்டும் எழவேண்டுமென்று சைவர்களைத் தூண்டியவரும் இவரே. அதனைக் கண்ணாற் காண்டல் அவருக்குக் கிட்டவில்லை. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆந் திகதி, தமது ஐம்பத்தேழாம் வயதிலே சிவபதமடைந்தார். தந்தையின் குறைநூலை முடித்தவருடைய குறைப்பணியை, அவரை இழந்து வருந்தியோர் கைக்கொண்டனர். 1894-இல் நகுலேசுவரம் எழுந்தது. அது 1918-இலே தீயாலும், 1990-இலே குண்டுவீச்சாலும் கேடுற்றும், 2012-இலே கும்பாபிஷேகம் கண்டது.

அன்பர்களே, உடம்பெடுத்தார்க்கு இன்பமும் துன்பமும் வினைவழி வருவன. துக்கம் வந்தவிடத்து, இது எனக்கு வரலாமோவென்று மயங்குதலும், வராததுபோல நடித்தலும் பயனில. கண்ணீர் வருமாயின் வருக. கையிலுள்ள கடன் நிற்காதிருக்க.