உ.வே.சா.வை ஆசிரியராக்கிய மூவர்

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் சமய வகுப்புக்கு நான்தான் பொறுப்பு. ஆசிரியர்கள் எல்லாரும் தொண்டர்கள். வேலைக்குப் போய்க்கொண்டோ படித்துக்கொண்டோ வந்து பாடம் சொல்லித் தரும் இளைஞர்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒரு தங்கை என்னிடம் வந்து, அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்றாள். ஏம்மா என்று கேட்டேன். என்னால முடியல அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவளுடைய பெயருக்குக் கீழே நான் எழுதியிருந்தது எல்லாமே குறைதான். வகுப்பில் சத்தம், பாடம் முடியவில்லை, தேவாரத்துக்குப் பொருள் சொல்லத் தடுமாறுகிறாள். நல்லது என்று ஒரு வரி கூட இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையை. ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து பழந்தமிழ் நூல்களைக் காப்பாற்றியவர் என்று பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். ஆனால் பிழைப்புக்கு அவர் என்ன செய்தார்? ஆசிரியர் வேலைதான். வாழ்நாளில் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவர். அவர் எப்படி நல்லாசிரியர் ஆனார் என்று பார்க்கும்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் உறைத்தன.

1855 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார்; சொந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தை வேங்கட சுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் தேற வேண்டும் என்பது அவருடைய ஆசை. பையனுக்கோ தமிழ் மேலே பைத்தியம். ஆசானைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். கடைசியில் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார்.

பிள்ளையவர்கள் கடல் மாதிரி படித்தவர். மாணவனுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னவர். வேங்கடராமன் என்ற பெயரை விட்டு, சாமிநாதன் என்ற பெயரால் அழைத்தவரும் அவரே. ஆனால் அவருக்கு இசையில் நாட்டம் இல்லை. மாயூரத்திலேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதன் இசை கற்று வந்தார். குருநாதருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய ஆசானின் கண்ணுக்கே மாணவனின் ஒரு திறமை படவில்லை, பாருங்களேன்.

1876-இல் பிள்ளையவர்கள் காலமானார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவு கொடுத்தார். அங்கேயே தாமும் பாடம் கேட்டுக்கொண்டு, மடத்து மாணவர்களுக்கும் பாடம் சொன்னார் சாமிநாதையர். வசதியான வாழ்க்கை. அப்படியே இருந்திருக்கலாம்.

அப்போது வந்தார் தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கர். உடல்நலம் குன்றி ஓய்வு பெறும் நேரம். வேலையை விட்டுப் போகிறவர் பலர் தமக்குப் பின்னால் யார் வந்தால் என்ன என்று இருப்பார்கள். செட்டியார் அப்படி இல்லை. இந்த இளைஞர்தான் என் இடத்துக்கு ஏற்றவர் என்று முடிவு செய்தார். விட மனமில்லாத தேசிகரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். கல்லூரித் தலைவராக இருந்த கோபால ராவிடம் அழைத்துப் போய் இவருக்காகப் பேசினார். கல்லூரியில் இருந்தவர்கள் கேள்வி கேட்டுச் சோதித்த பிறகு, 1880-இல் வேலை கிடைத்தது. அப்போது சாமிநாதையருக்கு ஏறத்தாழ 25 வயது.

ஆங்கிலத்துக்கே மதிப்பு இருந்த கல்லூரி அது. ஆங்கிலம் படிக்காத ஒரு மடத்துப் புலவர், நவீன இளைஞர்கள் நிறைந்த வகுப்புக்குள் நுழைகிறார். மாணவர்களை எப்படிக் கவர்ந்தார் தெரியுமா? செய்யுளை இராகத்தோடு பாடிக் காட்டினார். மாணவர்கள் ஆர்வமாய்க் கேட்டார்கள். குருநாதருக்காக ஒதுக்கி வைத்த அந்த இசைதான் வகுப்பறையில் கைகொடுத்தது. வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்த திறமை ஒருநாள் தொழிலுக்குப் பக்கபலமாக வந்து நின்றது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல கல்லூரி ஆசிரியர், அவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாமவர் வந்தார். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். சாமிநாதையர் மரியாதைக்குப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்தது உண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். இல்லை.

யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். இவருக்கும் வருத்தம்தான். ஆனால் முதலியார் குறையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடவில்லை. சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைத் தேடிக் கொடுத்து, இதைப் படியுங்கள், பாடம் சொல்லுங்கள் என்றார். உன்னால் முடியாது என்பது வேறு. உன்னால் இன்னும் முடியும் என்பது வேறு. முதலியார் சொன்னது இரண்டாவது.

புத்தகத்தைத் திறந்தால் பல இடம் புரியவில்லை. அது சமணக் காப்பியம். கல்லூரி ஆசிரியராயிற்றே, போய்க் கேட்டால் மதிப்புக் குறையுமே என்று அவர் யோசிக்கவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவர், கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிப் போய் அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பகலில் ஆசிரியர், மற்ற நேரத்தில் மாணவர். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல்.

இத்தனையும் கல்லூரி வேலையோடு வேலையாகச் செய்தவை. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். இவ்வளவு புகழுக்கு அப்புறமும் தம் ஆசானை மறக்கவில்லை. பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். 1942 ஏப்ரல் 28-இல் மறைந்தார்.

ஒரு ஆசிரியர் உருவாக மூன்று பேர் வேண்டியிருந்தது. பிள்ளையவர்கள் கல்வி கொடுத்தார். செட்டியார் அந்தக் கல்விக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்து, பொறுப்பேற்றுப் பேசினார். முதலியார் இல்லாததைக் காட்டி, அதை நிரப்பும் வழியையும் கையில் கொடுத்தார். நான் என் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்தேன்? இல்லாததை மட்டும் காட்டினேன். அதுவும் பாதி வேலைதான்.

மறு ஞாயிறு நோட்டுப் புத்தகம் இல்லாமல் அந்தத் தங்கையின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சத்தம் இருந்தது உண்மை. ஆனால் திருநாவுக்கரசர் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லையே! வகுப்பு முடிந்ததும் அதை அவளிடமே சொன்னேன். அவளுக்கு அது ஒரு திறமை என்றே தெரியவில்லை.

இப்போது எல்லா வகுப்புக்கும் நாயன்மார் கதை சொல்வது அவள்தான். தேவாரப் பொருளில் தடுமாற்றம் இன்னும் இருக்கிறது. அதற்கு எங்கள் கோயில் ஓதுவார் ஐயாவிடம் வாரம் ஒரு மணி நேரம் பாடம் கேட்கிறாள். போன வாரம் நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். எனக்கும்தான் நிறையத் தெரியவில்லை.

உங்கள் வட்டாரத்திலும் சமய வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகள் இருப்பார்கள். அடுத்த முறை போகும்போது கொஞ்ச நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். என்ன நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து முதலில் அதைச் சொல்லுங்கள். குறையை அப்புறம் சொல்லலாம். சொல்லும்போது, கையில் ஒரு சிந்தாமணியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.