யூஜீன் விக்னர்

அணு உலையின் ஆற்றலை வியப்பார் பலர். அதனுள் திடப்பொருள் படும் பாட்டை எண்ணுவார் சிலர். அச்சிலருள் முன்னின்ற விக்னரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1902-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் ஆலையை நடத்தியவர். மைந்தர் பௌதிக சாஸ்திரத்தையே விரும்பினாராயினும், தந்தையார் சொற்படி பெர்லினில் இரசாயன எஞ்சினீயரிங் கற்று, 1925-இல் டாக்டர் பட்டம் பெற்று, தோலாலையிற் சிறிது காலம் உழைத்தார். பின்னர்ப் பௌதிகத்திற்கே மீண்டு, 1930-இல் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டனை அடைந்தார்.

1942-இல் சிக்காகோவில் அணு உலைகளை வகுக்குங்கால், வேக நியூட்ரான்கள் கிராபைட்டின் அணுக்களை இடம்பெயர்த்து அதன் உள்ளமைப்பைக் குலைக்கும் என்று முன்னறிந்தார். அங்ஙனம் தேங்கிய ஆற்றலை 1957-இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையினின்று வெளியேற்ற முயன்றபோது பெருந்தீ மூண்டது.

எரிபொருளும் இத்தகைய கேட்டிற்கு உட்படுவதே. யுரேனியம்-மாலிப்டினத் துகள்களை அலுமினியத்திற் பதித்தால், கதிர்த்தாக்கால் இரண்டும் கலந்து இடையே படலம் வளரும். அது மிகின் துளைகள் தோன்றித் தகடு வீங்கும். அலுமினியத்தோடு சிறிது சிலிக்கன் சேர்ப்பின், அது துகள்களைச் சூழத் திரண்டு அவ்வளர்ச்சியைத் தணிக்கும். இவ்வாராய்ச்சிகளெல்லாம் விக்னர் காட்டிய வழியிற் செல்வனவே.

1963-இல் நோபல் பரிசு பெற்ற இப்பெரியார் 1995-இல் மறைந்தார். தந்தையார் பொருட்டுக் கற்ற எஞ்சினீயரிங்கே உலைகளை வகுக்கையில் அவர்க்குக் கைகொடுத்தது. விரும்பாது கற்ற கல்வியும் வீண்போகாது என்பதை நாம் இவர்பால் அறிகின்றோம்.