பதக்கத்திற்கு அப்பால் டங்கன் வைட்

இலங்கையின் ஒலிம்பிக் வரலாற்றில் முதலாவதாக இடம்பெறும் பெயர் டங்கன் வைட் என்பதாகும். 1948 ஆம் ஆண்டு லண்டனில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் அவர் வென்ற வெள்ளிப் பதக்கத்தை நாடு நன்கறியும். எனினும், ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிட்ட அந்த ஓட்டத்தின் பின்னர் அவர் மேற்கொண்ட நீண்ட பணி, பிறருக்கு உடற்கல்வியைக் கற்பித்த பணியே என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவரது வாழ்க்கையின் இந்தப் பிற்பகுதியே இன்று நாம் ஊன்றி நோக்க வேண்டியதெனக் கருதுகின்றோம்.

1918 மார்ச் 1 ஆம் திகதி களுத்துறையை அண்டிய லத்பந்துரையில் பிறந்த டங்கன் வைட், கல்வி கற்றது கண்டி திரித்துவக் கல்லூரியிலாகும். 1872 இல் ஆரம்பிக்கப்பட்ட அக்கல்லூரி வகுப்பறைக்கு அளித்த அதே மதிப்பை மைதானத்திற்கும் அளித்து வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஓடிப் பழகிய சூழலில்தான் அவர் மெய்வல்லுநராக உருவானார். அதே கல்லூரியில் பின்னர் பயின்ற லக்ஷ்மன் கதிர்காமரும் ஒரு சட்டவேலி ஓட்ட வீரரே. அவர் 1951, 1952 ஆம் ஆண்டுகளில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 110 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெற்றி பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

வைட்டின் இளமைக் காலத்தை உலகப் போர் விழுங்கியது. 1940, 1944 ஆம் ஆண்டுகளில் நடைபெற வேண்டியிருந்த இரு ஒலிம்பிக் விழாக்களும் கைவிடப்பட்டன. அவ்வேளைகளில் அவருக்கு முறையே 22, 26 வயது. ஓர் ஓட்ட வீரரின் கால்களில் வேகம் நிறைந்திருக்கும் பருவம் அதுவே. அந்த ஆண்டுகளில் அவர் இலங்கைப் படையில் அதிகாரியாகக் கடமையாற்றினார். ஒலிம்பிக் களத்தில் அவர் காலடி வைத்தபோது வயது முப்பதாகிவிட்டிருந்தது. இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதங்கள்கூட அப்போது நிறைவடைந்திருக்கவில்லை.

400 மீற்றர் சட்டவேலி ஓட்டம் வேகத்தினால் மாத்திரம் வெல்லப்படுவதன்று. ஏறத்தாழ மூன்றடி உயரமான பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே 35 மீற்றர் தூரம் உண்டு. அந்த இடைவெளியில் எத்தனை அடிகள் வைப்பது, எந்தக் காலை முன்னே நீட்டித் தாண்டுவது, களைப்பு மேலிடும் இறுதி 100 மீற்றரில் அடிகளின் எண்ணிக்கையை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பனவெல்லாம் கணக்கிட்டுப் பழக வேண்டியவை. கற்றறிந்த ஒருவர் அருகில் நின்று திருத்தினாலன்றி இந்நுட்பங்கள் இலகுவில் கைகூடுவதில்லை.

1948 ஜூலை 31 ஆம் திகதி வெம்பிளி அரங்கில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 செக்கன்களில் முதலிடத்தைப் பெற்றார். 51.8 செக்கன்களில் வைட் இரண்டாமிடத்தை அடைய, சுவீடன் வீரர் ரூன் லார்சன் மூன்றாமிடத்தைப் பெற்றார். அந்த இறுதிப் போட்டிக்கு முன்பிருந்த ஒலிம்பிக் சாதனையை விடவும் வைட் ஓடிய நேரம் சிறந்ததாகும். 1950 ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் அவர் தங்கப் பதக்கத்தையும் வென்றார்.

புகழின் உச்சியில் நின்ற வேளையில் அவர் தெரிந்துகொண்ட வழி கல்வியின் வழியாகும். உடற்கல்விக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் லஃப்பரோ கல்லூரியில் அவர் பயின்றார். தான் பழக்கத்தினால் பெற்றிருந்த திறமையைப் பிறருக்கு முறையாகக் கற்பிக்கும் அறிவாக மாற்றிக்கொள்ள அக்கல்வி வழிசெய்தது. பின்னர் நாட்டை விட்டு வெளியேறிய அவர், 1960 களில் நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராகப் பணியாற்றினார். கண்டி மைதானத்தில் முளைவிட்ட திறமை மேற்கு ஆபிரிக்க மாணவருக்குப் பயன்பட்டது. அவர் 1998 ஜூலை 3 ஆம் திகதி இங்கிலாந்தின் நனீட்டன் நகரில் காலமானார்.

இவ்விடத்தில் மற்றொரு பெயரையும் நினைவுகூர்வது பொருத்தமாகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 ஆம் ஆண்டு டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்று ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். உயர்கல்வி கற்ற அவரும் பின்னர் ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தார். சமூகத்தாலும் பிரதேசத்தாலும் வேறுபட்ட இரு வீரர்களின் அறிவும் ஒரே திசையில் கடல் கடந்து சென்றது.

வைட்டுக்குப் பின்னர் இலங்கையர் ஒருவர் ஒலிம்பிக் பதக்க மேடையில் ஏறுவதற்கு 52 ஆண்டுகள் சென்றன. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற பதக்கமே அந்த நீண்ட காத்திருப்பை முடித்து வைத்தது. இந்த இடைவெளிக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது நியாயமாகாது. ஆயினும், சிறந்த வீரர்களை உருவாக்கும் நாடு அவர்களைச் சிறந்த ஆசிரியர்களாகவும் தன்னிடத்தே வைத்துக்கொள்ளத் தவறினால், அடுத்த தலைமுறை ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்தே கற்க வேண்டியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

பதக்கத்தைப் பேழையில் வைத்துப் பூட்டிப் பாதுகாக்க முடியும். அறிவின் நிலை அத்தகையதன்று. ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுத்தால் மாத்திரமே அது நிலைக்கும். கலஹா, ஹேவாஹெட்டைத் தோட்டங்களிலும், அக்குறணை, மடவளை போன்ற ஊர்களிலும் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு எக்காலத்திலும் குறைவிருந்ததில்லை. அவர்களின் அடிகளை எண்ணிப் பார்த்துத் திருத்துவதற்கு ஒருவர் இருப்பதே முதன்மையான தேவையாகும்.

பாடசாலையொன்றில் உடற்கல்வி ஆசிரியருக்கான இடம் வெற்றிடமாக விடப்படும்போதும், உடற்கல்விப் பாடவேளை பரீட்சைப் பாடங்களுக்காகப் பறிக்கப்படும்போதும், இழப்பு ஒரு பாடவேளையுடன் முடிந்துவிடுவதில்லை. பெற்றோரும் அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். டங்கன் வைட்டின் பெயரை மனனம் செய்யும் எமது பிள்ளைகளுக்கு, அவர் ஏற்றிருந்த ஆசிரியப் பணியைச் செய்ய வல்ல ஒருவரையும் பெற்றுக்கொடுப்பதே அவருக்குச் செய்யும் பொருத்தமான மரியாதையாக அமையும்.